பிள்ளைங்க தோல்ல வெளிர் திட்டு: தேமலா, வெண்புள்ளியா, தொழுநோயா?

முதுநகர் டீச்சர் (கடலூர்):
மூணாவது, நாலாவது படிக்கிற நாலைஞ்சு பிள்ளைங்களுக்குக் கன்னத்துல ரூபாய்க் காசு அளவுல வெளிர் திட்டு இருக்கு. ஒரு பையனுக்கு மட்டும் முழங்கைக்குக் கீழே ஒரே ஒரு திட்டு. யாருக்கும் அரிப்பு இல்லை. வீட்ல எல்லாரும் வயித்துப் பூச்சின்னு சொல்றாங்க. பார்த்தே எதையெல்லாம் பிரிச்சுச் சொல்லலாம்? யாரை உடனே அனுப்பணும்?

கோரிமேடு_தோல்பிரிவு:
டீச்சர், முதல்ல நிறம், அப்புறம் ஓரம், அப்புறம் செதில். இந்த வரிசையில பாருங்க.

கன்னத்துல ஓரம் மங்கி, எங்கே தொடங்குது எங்கே முடியுதுன்னே தெரியாம, மேலே மாவு தூவின மாதிரி லேசான செதில் இருந்தா, பெரும்பாலும் வறண்ட தோல்ல வர்ற சாதாரணத் திட்டுதான். பூச்சிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. பள்ளியில தர்ற பூச்சி மாத்திரை (அல்பெண்டசோல்) இந்தத் திட்டுக்காக இல்லை, ஆனா அதைப் போடட்டும். வெயில்ல விளையாடிச் சுத்தியுள்ள தோல் கறுக்கும்போது திட்டு இன்னும் எடுப்பாத் தெரியும். நோய் கூடிடுச்சுன்னு அர்த்தமில்லை. குளிச்ச ஈரத்தோட வாசலின் தடவினா போதும். மறைய மாசக்கணக்காகும்.

தேமல் கழுத்து, மார்பு, முதுகுல சின்னச் சின்னதா வந்து ஒண்ணோட ஒண்ணு சேரும். நகத்தால லேசாச் சுரண்டினா தவிடு மாதிரி உதிரும். நம்ம கடற்கரைப் புழுக்கத்துக்கு இது திரும்பத் திரும்ப வரும். மருந்து போட்டுப் பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்ப வாரங்கள், மாசங்கள் ஆகும்; அதனால மருந்து வேலை செய்யலைன்னு முடிவு கட்டாதீங்க.

பால் மாதிரி சுத்த வெள்ளை, கத்தரிச்ச மாதிரி ஓரம், செதிலே இல்லைன்னா வெண்புள்ளி. உதட்டோரம், விரல் நுனி, கண்ணைச் சுத்தி பாருங்க. வெண்குஷ்டம்ங்கற பேரைப் பள்ளியில யாரும் சொல்ல விடாதீங்க. அது குஷ்டமும் இல்லை, தொத்தவும் தொத்தாது.

களப்பணி_பண்ருட்டி:
எனக்குக் கவலை அந்த முழங்கைப் பையன்தான். தொழுநோய்த் திட்டு பால் வெள்ளையா இருக்காது. மங்கின வெளிர் நிறமாவோ செம்பு நிறமாவோ இருக்கும். அரிக்காது, வலிக்காது. அந்த இடம் வறண்டு, வியர்க்காம, முடி குறைஞ்சு இருக்கலாம்.

திட்டுல தொடு உணர்ச்சி இருக்கான்னு சோதிக்க, பஞ்சை முனை கூராத் திரிச்சுக்கோங்க. பையன் கண்ணைத் திறந்திருக்கும்போதே நல்ல தோல்ல தொட்டு, "தொட்ட இடத்தை விரலால காட்டு"ன்னு பழக்குங்க. அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலையும் திட்டையும் மாத்தி மாத்தித் தொடுங்க. பஞ்சு முனை லேசா வளையற அளவு அழுத்தம் போதும். இழுத்துத் தடவினா பக்கத்துத் தோல் உணர்ந்து காட்டிக்கொடுத்துடும். "தெரியுதா?"ன்னு கேட்கவும் கூடாது, பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஆமாம்னு தலையாட்டும்.

திட்டுல தொட்டதைக் காட்டலைன்னா அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்க. தொழுநோய்னு உறுதியானா, பல மருந்து சேர்ந்த கூட்டு மருந்து இலவசம். அஞ்சு திட்டு வரைக்கும், நரம்பு பெரிசாப் பாதிக்கலைன்னா, 6 மாசம், அதுக்கு மேலேன்னா 12 மாசம்.

முந்திரி உடைக்கிற வீட்டுப் பிள்ளைன்னா, கொட்டை எண்ணெய் பட்டு ஆறின தழும்பான்னும் கேட்டுக்கோங்க. பொறந்ததுல இருந்தே மாறாம இருக்கற திட்டுன்னா மச்சம் மாதிரிதான், பயமில்லை.

முதுநகர் டீச்சர்:
அப்போ கன்னத்துல திட்டு இருக்கற பிள்ளைங்களுக்கும் பஞ்சு வெச்சுப் பார்த்து, உணர்ச்சி இருந்தா விட்டுடலாமா?

கோரிமேடு_தோல்பிரிவு:
கூடாது. முகத்துல நரம்பு நெருக்கமா இருக்கறதால தொழுநோய்த் திட்டுலயும் உணர்ச்சி மிஞ்சியிருக்கலாம். வாசலின் போட்டும் சில மாசத்துல மங்காத திட்டு, கொஞ்சம் தடிச்ச திட்டு, வீட்ல வேற யாருக்காவது தொழுநோய் இருந்த பிள்ளை, இவங்களை மருத்துவர்கிட்ட காட்டியே ஆகணும்.

அதுவரைக்கும் மருந்துக்கடையில கேட்டு வாங்கற கலவை க்ரீம் எதுவும் வேண்டாம். அதுல ஸ்டீராய்டு இருந்தா தோலை மெலிசாக்கி இன்னும் வெளிற வைக்கும். படர்தாமரையா இருந்தா வட்ட ஓரம் மங்கிப்போய், பார்க்கிற மருத்துவருக்கே அடையாளம் தெரியாது. போட்டோ அனுப்பறதா இருந்தா ஃபிளாஷ் போடாம, தாழ்வாரத்துல பக்கவாட்டு வெளிச்சத்துல எடுங்க. அப்பதான் செதில் தெரியும்.