உலக்கை நின்றது உண்மைதான்

திண்டுக்கல்லிலிருந்து:

அறிவியல் வாக்குவாதத்தில் தோற்ற கதை யாரிடமாவது இருந்தால் இங்கே சொல்லுங்கள். ஜெயித்த கதை எல்லாரிடமும் இருக்கும், அது வேண்டாம். முதலில் என்னுடையது.

2019 டிசம்பர் 26, வளைய சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, கரூர், திருச்சி, புதுக்கோட்டை என்று நிழல் போன பாதையில் எங்கள் ஊரும் இருந்தது. நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறவன். ஒரு வாரமாகவே வீட்டில் என் அலம்பல் தாங்கவில்லை. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கிரகணக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தேன். காலை எட்டு மணி சுமாருக்குத் தொடங்கி, ஒன்பதரையை ஒட்டி மூன்று நிமிடம் போல வளையம். மாட்டுக் கொட்டகைக் கீற்றின் ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டு ஒவ்வொன்றும் தரையில் ஒரு குட்டி வளையலாகக் கிடந்தது. வானத்தைவிட அந்தத் தரையைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

உள்ளே வந்தால் அப்பத்தா. பித்தளைத் தாம்பாளத்தில் ஆலத்தண்ணீர், அதன் நடுவில் உலக்கை. நின்றுகொண்டிருக்கிறது.

கிரகண நேரத்தில் உலக்கை தானாக நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. முந்தின நாள் ராத்திரிதான் சொல்லியிருந்தேன், "அதெல்லாம் நிக்காது அப்பத்தா, வாட்ஸ்அப்ல வர்றது எல்லாம் நூல் கட்டி எடுத்தது" என்று. இப்போது உலக்கைக்கு மேலே கையை வீசிப் பார்த்தேன். நூல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்து நின்றுகொண்டு என்னையும் உலக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நிலாவின் ஈர்ப்பு இங்கே பூமியின் ஈர்ப்பில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான், ஒவ்வொரு அமாவாசைக்கும் சூரியனும் நிலாவும் ஏறத்தாழ ஒரே பக்கம்தான் இருக்கும், அன்றைக்கெல்லாம் யார் வீட்டு உலக்கை தானாக எழுந்தது என்று ஆரம்பித்தேன்.

"அது எம்புட்டா வேணா இருக்கட்டும். நிக்குதா, இல்லியா?"

நிற்காது என்று சொன்னவன் நான். நின்றுவிட்டது. அதோடு என் கேஸ் முடிந்தது.

ஏன் நிற்கிறது என்று யோசிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. உலக்கையின் அடியில் இரும்புப் பூண் இருக்கிறது. இரண்டு அங்குல அகலத்தில் வழவழவென்று தேய்ந்த வட்டம். நாலடி உயரம் என்றாலும், செங்குத்திலிருந்து இரண்டு டிகிரி போல சாய்ந்தால்கூட விழாமல் தாக்குப்பிடிக்கும். கை நடுங்காமல், பொறுமையாக அந்த இடத்தைத் தேடினால் போதும். 2020 காணும் பொங்கலன்று மதியம் எல்லாரும் தூங்கியபோது அடுப்படியில் உட்கார்ந்து முயன்றேன். நாலு தடவை விழுந்தது, ஒரு தடவை என் கால் விரலில். இருபது நிமிடத்தில் நின்றது. போய் அப்பத்தாவை எழுப்பினேன்.

"இன்னைக்கு என்ன கிரகணம்?"

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை."

அப்பத்தா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றது. "அப்ப அன்னைக்கு நிக்க வெச்சது கிரகணம் இல்லியா? நானா?"

"நீதான்."

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "இவனுக்கு இருவது நிமிஷம் ஆச்சு, எனக்கு ரெண்டே நிமிஷம்" என்றுதான் பேச்சு.

*

பெருந்துறைப் பக்கத்திலிருந்து:

உங்களுக்கு உலக்கை, எங்களுக்குத் தேங்காய். போர் போடுவதற்கு முன்னால் அப்பா நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வருவார், கீழே தண்ணீர் இருக்கிற இடத்தில் அது குடுமி மேலே வர எழுந்து நிற்கும். எழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தோம்.

வேளாண்மை படித்த திமிர் எனக்கு. "அண்ணா, கோவிச்சுக்காதீங்க, கண்ணைத் துண்டுல கட்டிட்டு இன்னொருக்கா நடக்கறீங்களா?" என்றேன். நல்ல மனுசன், ஒத்துக்கொண்டார். மூன்று தடவை நடந்தார். மூன்று தடவையும் வேறு வேறு இடத்தில் தேங்காய் எழுந்தது. ஒன்றுக்கொன்று முப்பது அடிக்கு மேல் தள்ளி. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அவரே குழம்பிப்போனார். அப்புறம் சொன்னார், "கண்ணைக் கட்டிப்போட்டா தேங்காய்க்கு எப்படிங்க தம்பி தெரியும்?"

நான் சிரித்துவிட்டேன். சாயங்காலம் வரை அப்பா என்னோடு பேசவில்லை.

அந்த மனுசன் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. 1850களில் லண்டனில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் கை வைப்பார்களாம், மேசை தானாக நகருமாம், ஆவி தள்ளுகிறது என்பார்களாம். மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தில் பேர்போன அதே ஃபாரடே, 1853இல் அதைச் சோதித்தார். கைக்கும் மேசைக்கும் நடுவில் அட்டைகளை அடுக்கி, இடையில் இளகிய பசையைப் பூசிவைத்தார். மேசை தானாக நகர்ந்திருந்தால் அடி அட்டை முந்தியிருக்கவேண்டும். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. தள்ளியது கைகள். தள்ளியவர்களுக்கே அது தெரியாது, அத்தனை பேரும் சத்தியம் செய்கிற அளவுக்கு நேர்மையானவர்கள். தேங்காய் விஷயத்தையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சரி, கதை இதோடு முடிந்தால் நான் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். முதல் கல் வைத்த இடத்திலேயே அப்பா போர் போட்டார். 620 அடியில் தண்ணீர். பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கும் தேங்காய் இல்லாமலே தண்ணீர் வந்திருக்கிறது, பாறை வெடிப்பு அந்தப் பக்கமாக ஓடுகிறது என்றெல்லாம் சொன்னேன். "வந்துச்சா இல்லீங்களா?" என்றார், உங்கள் அப்பத்தா மாதிரியே. அடுத்த போருக்கு என் பேச்சைக் கேட்டு, நிலத்தில் கம்பிகள் நட்டு மின்தடை அளக்கிறவர்களை வரவழைத்தோம். 800 அடி வரை வெள்ளைப் புழுதிதான் பறந்தது. எங்கள் வீட்டில் அறிவியல் இன்றுவரை கணக்கே திறக்கவில்லை.

*

நாகர்கோவிலிலிருந்து:

சின்னது ஒன்று. எங்கள் மாமா ஒருவர், 1969இல் மனிதன் நிலாவுக்குப் போகவே இல்லை என்பார். காற்றில்லாத இடத்தில் கொடி எப்படி விரிந்து நிற்கும்? கறுப்பு வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லையே? இரண்டுமே நல்ல கேள்வி, நான் அந்தப் படத்தை அவ்வளவு கவனித்துப் பார்த்ததே இல்லை. கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி இருக்கிறது, அதனால்தான் தொங்காமல் நிற்கிறது. நட்சத்திரத்துக்கு வார்த்தையில் பதில் சொல்லிப் பயனில்லை என்று, ராத்திரி கபடி நடந்த மைதானத்துக்குக் கூட்டிப்போய், வெளிச்சத்தில் நிற்கிற ஆட்டக்காரர்களை வானத்தோடு சேர்த்து அவர் போனிலேயே படம் எடுக்கச் சொன்னேன். மேலே வெறும் கறுப்பு. பளிச்சென்று இருக்கிற ஆளுக்கு ஏற்றபடி எடுத்தால் மங்கலான நட்சத்திரம் படத்தில் பதியாது. படத்தையும் வானத்தையும் பார்த்துவிட்டு, "எனக்க போனு கொள்ளாதுடே" என்றார்.

*

சென்னை, பெரம்பூரிலிருந்து:

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் செல்போன் டவர் வந்துதான் சிட்டுக்குருவி போச்சு என்பார். நானும் அலைநீளம், அதிர்வெண் என்று பேசிப் பார்த்தேன். அப்புறம் 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகப் போனது. நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. டவர் கிராமத்திலும்தான் இருக்கிறது, அது வேறு. ஆனால் குருவி போய்விட்டது என்று அவர் சொன்னதையே நான் ஒரு நாளும் காதில் வாங்கவில்லை. அவர் பிறந்த ஓட்டு வீட்டில் உத்தரத்துக்கு உத்தரம் கூடு இருந்ததாம். இப்போது அதே இடத்தில் ஐந்து மாடி.

*

திருச்சியிலிருந்து:

எங்கள் வீட்டில் பத்து வருடச் சண்டை இது. ஃபேனை இரண்டில் வைத்தால் கரண்டு மிச்சமா? "ஒரு பைசா குறையாது" என்பது அப்பா. "பாதிக்கு மேல் குறையும்" என்பது நான். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஒவ்வொரு கோடையிலும் நான்தான் ஆரம்பிப்பேன், அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவானது. எங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும், 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று அதிலேயே போட்டிருக்கிறது. ஃப்ரிட்ஜ், மோட்டார், போன் சார்ஜர் முதற்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தினோம். "மாவு புளிச்சா அப்பாவும் பொண்ணும்தான் சாப்பிடணும்" என்றார் அம்மா. நான் ஸ்டூல் போட்டு மீட்டருக்கு முன்னால். அப்பா உள்ளேயிருந்து "ரெடியா?" என்று கத்துகிறார், ராக்கெட் விடுவதுபோல.

ஹால் ஃபேன், ஐந்தில் வைத்துப் பத்து நிமிடம்: 40 மின்னல். இரண்டில் வைத்து: 18. "பாத்தீங்களா?" என்று நான் துள்ளாத குறை. அப்பா ஒன்றும் சொல்லாமல் தன் அறைக்குப் போனார். அங்கே இன்னும் அந்தக் காலத்துப் பெரிய ரெகுலேட்டர் பெட்டி, அவர் கல்யாணத்துக்கு முன்னால் மாட்டியது. ஐந்தில் 40. இரண்டில் 29.

"இங்க வா, இதும் மேல கை வை" என்றார். பெட்டி கதகதவென்று இருந்தது. உள்ளே இருப்பது வெறும் மின்தடைக் கம்பிச் சுருள். ஃபேனுக்குப் போகாமல் தடுத்த கரண்டில் ஒரு பங்கு அங்கேயே சூடாகிப் போகிறது. ஹாலில் இருப்பது எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், அதில் அந்த விரயம் ரொம்பக் குறைவு. அப்பா நாற்பது வருடமாகத் தொட்டுப் பார்த்த சூட்டை வைத்துப் பேசியிருக்கிறார். நான் பாடப் புத்தகத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை. அவர் சொன்ன "ஒரு பைசா" தப்புதான், அதை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பெட்டியை மாற்றலாமா என்று கேட்டதற்கு, "அது பாட்டுக்கு ஓடுது, அதை ஏன் தொந்தரவு பண்ற" என்றுவிட்டார்.

*

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து:

எல்லாரும் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறீர்கள். உலக்கை விழுந்தால் கால் விரலோடு போகும். நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். என்னிடம் வருகிற வாக்குவாதம் வேறு மாதிரி.

"எங்க ஊருல கல்லு வெச்சே பத்து பேர் பொழைச்சிருக்காங்க சிஸ்டர்." பாம்புக்கடி கேஸைத் தூக்கிக்கொண்டு வரும்போதே இப்படிப் பேசுவார்கள். பத்து பேர் பிழைத்தது உண்மை. நானே அந்தப் பக்கத்து ஆள்தான், அதில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களைக் கடித்தது சாரையாக இருக்கும், தண்ணீர்ப் பாம்பாக இருக்கும். விஷப் பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காது. கல் வைக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். பிழைக்காதவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதையெல்லாம் சொல்ல எங்களுக்கு நேரம் கிடையாது. ஒரு தடவை கரும்புக் காட்டில் வேலை பார்த்த பையன், 19 வயது. கணுக்காலில் வைத்தியர் வைத்த கல்லோடு கொண்டுவந்தார்கள். கால் வீங்கியிருந்தது, ஈறில் லேசாக ரத்தம். ஊசி வேண்டாம், கல் விஷத்தை இழுத்துவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று சித்தப்பா வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார். பையனின் ரத்தம் இரண்டு மில்லி எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் மேசையில் வைத்தேன். இருபது நிமிடச் சோதனை. நல்ல ரத்தம் அதற்குள் உறைந்து, குழாயைக் கவிழ்த்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கண்ணாடி விரியன் விஷம் ஏறியிருந்தால் உறையாது.

இருபது நிமிடமும் அந்த மனுசன் குழாயையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார். எடுத்துச் சாய்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் வழியை விட்டு விலகிவிட்டார்.

பையன் பிழைத்தான். விஷமுறிவு மருந்து ஏற்றிய பிறகும் நாலு நாள் இருந்தான். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தையே, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பைப் பிடித்து எடுத்துத் தருகிறார்கள். "பாம்பைப் பற்றி உங்களைவிட அவங்களுக்குத் தெரியும்ல?" என்று சித்தப்பாவிடம் நாலாம் நாள்தான் சொல்ல முடிந்தது. தலையாட்டினார். கல்லைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்.

*

திண்டுக்கல்லிலிருந்து, மறுபடியும்:

சிஸ்டர், உங்கள் குழாய்க்கு முன்னால் எங்கள் உலக்கை ஒன்றுமே இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்கள், அப்பத்தா அதற்கப்புறம் மாறியதா என்று. 2020 ஜூன் 21, ஊரடங்கு நேரம், இன்னொரு கிரகணம். இந்தத் தடவை வளையம் வடக்கே ராஜஸ்தான், ஹரியானா பக்கம், நமக்குப் பாதிகூட மறையவில்லை. பத்தரை மணி சுமாருக்கு அடுப்படியில் தாம்பாளம் வைக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஆலத்தண்ணீர், உலக்கை, எல்லாம் தயார்.

"நீதான் நிக்க வெக்கிறன்னு தெரிஞ்சுபோச்சே, அப்புறம் எதுக்கு?"

"தெருவுல எல்லா வீட்லயும் நிக்கும். நம்ம வீட்ல மட்டும் படுத்தா கிடக்கணும்? அந்தப் பக்கம் தள்ளு, வெளிச்சத்த மறைக்காத."

தள்ளி நின்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.