ஒரே சோர்ஸ், நாலு லைப்ரரி: விண்டோஸ்ல மட்டும் இடிக்குதுங்க

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல பம்ப் டெஸ்ட் பெஞ்சுக்கு மோட்பஸ் (மெஷின்கள் பேசிக்கற புரோட்டோகால்) ரீடிங் எடுக்கற சி++ லைப்ரரி. பில்டுக்கு சீமேக் 3.22, விண்டோஸ்ல கம்பைலர் விஷுவல் ஸ்டுடியோ 2022. ஸ்டேட்டிக் (புரோகிராமுக்குள்ளயே சேர்ந்துடறது), ஷேர்டு (தனி ஃபைலா நிக்கறது, விண்டோஸ்ல டிஎல்எல்) ரெண்டும் டீபக்லயும் ரிலீஸ்லயும் வேணும். சோர்ஸை ஒரே தடவை ஆப்ஜெக்ட் லைப்ரரியா (லிங்க் பண்ணாத ஆப்ஜெக்ட் ஃபைல் தொகுப்பா) கம்பைல் பண்ணி ரெண்டு டார்கெட்டுக்கும் குடுத்திருக்கு. லினக்ஸ்ல பொசிஷன் இண்டிபெண்டன்ட் கோட் (மெமரில எங்க ஏத்தினாலும் ஓடற கோட்) ஆன் பண்ணினதோட சரி, வம்பில்லை.

விண்டோஸ்ல ஸ்டேட்டிக் லிப்பும் டிஎல்எல்லோட இம்போர்ட் லிப்பும் (டிஎல்எல்லை லிங்க் பண்ண உதவற சின்ன லிப் ஃபைல்) ஒரே பேர்ல வந்து ஒண்ணை ஒண்ணு அழிச்சுது. ஸ்டேட்டிக் பேருக்குப் பின்னால ஒரு வால் சேர்த்ததும் தீர்ந்துது. டீபக் லிப்பை ரிலீஸோட லிங்க் பண்ணா வர்ற லிங்கர் எரர் எல்என்கே2038, சி++ ரன்டைம் ரிலீஸுக்கு /MD, டீபக்குக்கு /MDd-ன்னு பொருந்தாததால. டீபக் போஸ்ட்ஃபிக்ஸ் (டீபக் ஃபைல் பேருக்கு மட்டும் ஒரு வால்) வெச்சா அந்தக் குழப்பமும் இல்லை.

மிச்சம் இதுதானுங்க. டிஎல்எல்எக்ஸ்போர்ட் (இந்த ஃபங்ஷனை வெளிய காட்டுன்னு கோட்ல போடற குறி) ஆப்ஜெக்ட்டுக்குள்ளயே ஏறிடறதால, ஸ்டேட்டிக்கை லிங்க் பண்ற ஈஎக்ஸ்ஈயும் அந்த ஃபங்ஷன்களை எக்ஸ்போர்ட் பண்ணுது, கூடவே வேண்டாத லிப் ஃபைலும் விழுது. ஸ்டேட்டிக்குக்கும் டிஎல்எல்லுக்கும் ஆப்ஜெக்ட்டைத் தனித்தனியா கம்பைல் பண்ணா கம்பைல் நேரம் இரட்டிப்பு. டெஃப் ஃபைல் (எக்ஸ்போர்ட் பேர்ப் பட்டியல்)னா சி++ கம்பைலர் மாத்தி வெக்கற மாங்கிள் ஆன பேரையெல்லாம் கையில எழுதோணும், அது ஆகாத வேலை. எல்லாத்தையும் தானா எக்ஸ்போர்ட் பண்ற சீமேக்கோட எக்ஸ்போர்ட் ஆல் சிம்பல்ஸ்ல, குளோபல் டேட்டாவுக்கு எப்படியும் பயன்படுத்தற பக்கம் டிஎல்எல்இம்போர்ட் குறி வேணும்.

வெளிய எக்ஸ்டர்ன் சி ஃபங்ஷன் (பேர் மாங்கிள் ஆகாதது) மட்டும் விட்டு, டெஃப் ஃபைலை டிஎல்எல் டார்கெட்டுக்கு மட்டும் குடுத்து ஓட்டறவங்க இருக்கீங்களா? சி++ எக்ஸ்செப்ஷன் டிஎல்எல்லை விட்டு வெளிய போகாம அந்த சி ஃபங்ஷன் எல்லையில எப்படிப் பிடிக்கறீங்கன்னும் சொல்லுங்க.