அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் நம்ம ஊர் சிம்மை ஏற்கவில்லை

மன்னார்குடிப் பெண்:
நியூ ஜெர்சியிலிருந்து வந்த தம்பி தன் பழைய ஐபோன் 13-ஐ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். ஊசி இல்லாமல், கம்மல் தண்டால் குத்தி சிம் தட்டை இழுத்து என் ஏர்டெல் சிம்மை வைத்தேன். ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ என்கிறது. துடைத்து வைத்தாலும் அதேதான். சிம்முக்கு அடியில் காகிதம் போல ஒரு சிப் வைத்தால் வேலை செய்யும், 2,500 ரூபாய் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா? அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நேரமும் கால் வரும், நடுவில் நின்றுபோகிற போன் எனக்கு ஆகாது.

கடைத்தெரு:
வேண்டாம் அக்கா. நானும் சர்வீஸ் கடைதான் வைத்திருக்கிறேன். ஐஓஎஸ் அப்டேட் வந்ததும் அந்தச் சிப் படுத்துவிடும், அப்படித் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சிம்மில் கோளாறு இல்லை. செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய் ‘கேரியர் லாக்’ என்ற வரியைப் பாருங்கள். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று இல்லாவிட்டால், வேறு கம்பெனி சிம்மை ஏற்காதபடி பூட்டு இருக்கிறது. தம்பி எந்த மொபைல் கம்பெனியில் வாங்கினாரோ, அவர்கள்தான் திறந்துவிட முடியும். தவணை பாக்கி இருந்தால் திறக்க மாட்டார்கள். *#06# அடித்தால் வரும் ஐஎம்ஈஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) தம்பிக்கு அனுப்புங்கள்.

திருவாரூர் வாசி:
இதைப் படித்துவிட்டு யாராவது அங்கிருந்து புதிது வரவழைத்தால் ஒன்று கவனியுங்கள். அமெரிக்க ஐபோன்களில் 14 முதல் சிம் தட்டே கிடையாது, இ-சிம் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) மட்டும்தான். ஆண்ட்ராய்டு என்றால் பூட்டு இல்லாததோடு வோல்ட்டி (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) நம் நெட்வொர்க்கில் வேலை செய்யுமா என்றும் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இல்லை. வோல்ட்டி வராவிட்டால் நெட் ஓடும், சாதாரண கால் போகாது. இங்கேயே பழைய போன் வாங்குகிறவர்கள் KYM என்று அடித்து, ஓர் இடம் விட்டு ஐஎம்ஈஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, முடக்கப்பட்ட போன் இல்லை என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மன்னார்குடிப் பெண்:
அந்த வரியில் ‘சிம் லாக்டு’ என்றுதான் இருந்தது. தம்பி தவணையை எப்போதோ முடித்துவிட்டானாம், திறக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. விண்ணப்பம் போட்டு மூன்றாம் நாள் திறந்துவிட்டார்கள். வைஃபையில் இணைத்து சிம்மை வைத்தேன். சற்று நேரத்தில் இடது மூலையில் ஏர்டெல் பெயர் வந்தது. கடைத்தெரு தம்பி, 2,500 ரூபாய் மிச்சம். இன்று காலை ஆஸ்பத்திரி கால் இந்தப் போனில்தான் வந்தது.