கிளினிக் டாக்டர் கையிலயே கருவி வச்சு அவசரத்துல பார்த்த அனுபவம் யாருக்காச்சும் இருக்கா? (மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம்)

செம்பனைக்காரன்:
அம்மாவுக்கு ராத்திரி மூச்சுத் திணறல். ஆஸ்த்மான்னு ரொம்ப நாளா பம்ப்தான் அடிச்சிட்டிருந்தாங்க. டவுன்ல நம்ம குடும்ப டாக்டர் ஷட்டரை இறக்கிக்கிட்டிருந்தார், திரும்பத் தூக்கினார். ஷேவர் சைஸுல ஒரு ஸ்கேன் கருவி, அதோட வயரை அவரு ஹேண்ட்போன்லயே சொருகி, ஜெல் தடவி நெஞ்சுல வச்சார். ஸ்கிரீன்ல மேலேருந்து கீழ டார்ச் அடிச்ச மாதிரி வெள்ளைக் கோடு கோடா. "தம்பி, இது ஆஸ்த்மா இல்ல. நுரையீரல்ல தண்ணி. இருதயம் சரியா பம்ப் பண்ணல"ன்னார். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப் மெசேஜ் ஒண்ணு டிங்குன்னு இறங்கி அம்மா நுரையீரலை மறைக்குது, கோயில் கமிட்டி மீட்டிங்காம். விரலால தள்ளிவிட்டுட்டுப் பார்த்தார். ஆக்ஸிஜன் வச்சார், தண்ணியை வெளியேத்துற லாசிக்ஸ் ஊசி போட்டார், ஆம்புலன்ஸுக்கு 999 அடிச்சார். அம்மா இப்ப நல்லா இருக்காங்க. அந்த டிங் சத்தம்தான் போகமாட்டேங்குது.

லயத்துப் பொண்ணு:
எங்க மாமா தோட்டத்துல செம்பனை உதிரிப்பழம் பொறுக்கையில கையில பாம்பு கடிச்சிருச்சு. மண்டோர் (தோட்டத்து மேஸ்திரி) செத்த பாம்பை உரச்சாக்குல போட்டு கிளினிக்குக்கே கொண்டாந்துட்டார்! டாக்டர் வெளியவே நிறுத்தி, "செத்த தலையும் கடிக்கும்யா, போட்டோ போதும்"னு திட்டினார். போட்டோ எடுத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு அனுப்பினார். அங்கேருந்து ரெக்ஸ்னு பாம்புக்கடி நிபுணர் குழுகிட்ட போன்ல கேப்பாங்களாம். வீக்கம் எதுவரைக்கும்னு பேனாவால கோடு போட்டு பக்கத்துல 3.40னு எழுதினார். ஆம்புலன்ஸ் வரதுக்குள்ள முழங்கைக்கு மேல இன்னொரு கோடு, 4.10. மாமா முகத்தை நான் பார்க்கவே இல்ல, அந்தக் கோட்டையேதான் பார்த்துட்டிருந்தேன்.

ஈப்போ ரோட்:
செம்பனை, கருவியைக் கொண்டாடுறீங்க, டாக்டரை விட்டுட்டீங்க. அப்பாவுக்கு நெஞ்சு வலி. அண்ணன் சிங்கப்பூர்லேருந்து வாங்கியாந்த கார்டியான்னு ஒரு குட்டி ஈசிஜி கருவி, ரெண்டு கை விரலையும் வச்சா 30 வினாடியில 'நார்மல்'னு காட்டுச்சு. அண்ணனுக்கு ஒரே சந்தோசம். டாக்டர் அதை மேசையில கவுத்து வச்சுட்டு, "இதுல ஒரு லீட்தான், இருதயத்தை ஒரு பக்கமாத்தான் பார்க்கும். துடிப்பு தாறுமாறா இருந்தா சொல்லும், மாரடைப்பைச் சொல்லாது"ன்னு ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்னு முழுங்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டார். ஆஸ்பத்திரி 12 லீட் ஈசிஜியில மாரடைப்பு தெரிஞ்சுச்சு.

செம்பனைக்காரன்:
அண்ணே, டாக்டர்தான் பார்த்தார்னு நானும் எழுதியிருக்கேனே. அந்த ஸ்கேன் இல்லேன்னா அன்னைக்கும் பம்ப்தான் அடிச்சிருப்போம்.

பழைய டிரசர்:
கோவிட் நேரத்துல ஒரு பாட்டிக்கு விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் ஆக்ஸிஜன் 97 சதவீதம்னு காட்டுச்சு, உதடு நீலம். டாக்டர் உதட்டை நம்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவ்வளவுதான் என் கதை. ஆனா எல்லாரும் கேட்டுக்குங்க. விரல் ஜில்லுனு இருந்தா, நகப்பூச்சு இருந்தா ரீடிங் தப்பா வரலாம். தோல் கறுப்பா இருந்தா கூடுதலாக் காட்டலாம். 2020-ல அமெரிக்க ஆய்வுல மீட்டர் 92-96 காட்டினவங்கள்ல, நிஜத்துல 88-க்கும் கீழ இருந்தது கறுப்பின நோயாளிங்க 11.7 சதவீதம், வெள்ளைக்காரங்க 3.6 சதவீதம். நம்ம தோலுக்கும் யோசிங்க. சுகர் பார்க்க விரல்ல குத்துறதுக்கு முன்னாடி கை கழுவுங்க, பழம் உரிச்ச விரல்ல பொய்யா ஏறும். சுகர் 4-க்குக் கீழ (mmol/L கணக்குல) போனா இனிப்புத் தண்ணி, நினைவு தப்பிட்டா வாயில எதுவும் ஊத்தாதீங்க. பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, மோதிரத்தைக் கழட்டுங்க. 999-க்கு அடிச்சா தோட்டத்து பேரோட எந்தக் கேட்டுன்னும் சொல்லுங்க, அப்புறம்...

லயத்துப் பொண்ணு:
ஐயா, மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தாங்க. மாமா இன்னும் புதுசு வாங்கித் தரச் சொல்லி மண்டோரைத் தொல்லை பண்றார்.