சின்னப்பாலம் குடும்பம்: ஆத்தா தெவசம்

20 ஜூலை 2025, ஞாயிறு

மண்டபம் அத்தை: வர்ற வியாழன் ஆடி அமாவாசை. ஆத்தாவுக்கு மொத தெவசம். எங்க திதி குடுக்குறதுன்னு இன்னும் யாரும் வாயத் தொறக்கல

திருப்பூர் சித்தப்பா: அக்கினி தீர்த்தம்தான். வேற எங்க

தங்கச்சிமடம் அத்தை: அன்னைக்கு அங்க கால் வைக்க எடம் இருக்காது. சேதுக்கரை போவோம்

திருப்பூர் சித்தப்பா: அங்கயும் அதே கூட்டந்தான்க்கா

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். பொறுமையாப் படிங்க. ஆத்தா பௌர்ணமிய ஒட்டி ஆறு நாள், அமாவாசைய ஒட்டி ஆறு நாள் கடலுக்குள்ள முங்கி கடல்பாசி எடுக்கப் போகும். மாசத்துக்கு அந்தப் பன்னெண்டு நாள்தான். அதுக்கு மேல எடுத்தா பாசி தழைக்காதுன்னு பொம்பளைகளே கூடிப் பேசி வச்ச கட்டு. அதுல ஒரு நாளு விடாது, காய்ச்சலோடயும் எறங்கும். ஆனா ஆடி அமாவாசை அன்னைக்கு மட்டும் பாசிப் பையத் தொடாது. விடியக்காலம் அஞ்சு மணிக்கு நம்ம எல்லாரையும் இழுத்துக்கிட்டு அக்கினி தீர்த்தத்துல நிக்கும். ஐயாவுக்கு எள்ளும் தண்ணியும் எறச்சிட்டு, கொஞ்சம் தள்ளிப் போயி இன்னொரு கை தண்ணி எறைக்கும். அது 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியில போன அதோட தங்கச்சிக்கு. ஒடம்பு கெடைக்கல. அதுனால நான் சொல்றது அக்கினி தீர்த்தம்

செல்வி: பெரியப்பா, அந்த ரெண்டாவது கை தண்ணி யாருக்குன்னு இப்பத்தான் தெரியுது. பக்கத்துலயே நின்னுருக்கேன்

மண்டபம் அத்தை: பேரு சொல்லாது. சொன்னா அன்னைக்கு முழுக்க சாப்பிடாது

கார்த்தி துபாய்: செல்வி ரயில்ல வர்றியா? டிக்கெட் போடவா

செல்வி: போடுண்ணே. புதுப் பாம்பன் பாலத்துல இன்னும் போகல

தங்கச்சிமடம் அத்தை: ஏப்ரல் 6 தெறந்தாக. ஆத்தா இருந்தா மொத ஆளா ஏறியிருக்கும். கப்பலுக்கு வழி விட பாலத்துத் தூக்கு நட்டமா மேல போகுமாமேன்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சு

பெரியப்பா: பழைய பாலம் 1914ல வந்தது. அதுல தூக்கு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு தொறக்கும்

மண்டபம் அத்தை: அண்ணே பாலத்த விடுங்க. படையல் என்ன?

தங்கச்சிமடம் அத்தை: சுறாப்புட்டு இல்லாம ஆத்தாவுக்குப் படையலா

திருப்பூர் சித்தப்பா: அமாவாசையில கவிச்சியா!!

பெரியப்பா: வியாழன் சைவம். கவிச்சி தனியா இன்னொரு நாள். புதன் கடலுக்குப் போற படகு வியாழன் காலையில கரைக்கு வந்துரும், அதுல பால்சுறா எடுத்துறலாம். வெள்ளிக்கிழமை படைப்போம்

மண்டபம் அத்தை: வெள்ளி எங்க வீட்டுல மீன் ஆகாது

திருப்பூர் சித்தி: அப்ப சனி

கார்த்தி துபாய்: சனின்னா ஐஸ்ல கெடந்த மீனு. அப்பத்தா தொடாது

செல்வி: யாரு செய்யிறது? எனக்கும் சொல்லித் தாங்க

மண்டபம் அத்தை: கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்து, தோல்ல இருக்குற மணல சொரண்டணும். மஞ்சப்பொடி போட்டு வேக வச்சு உதுத்து, துணியில கட்டிப் பிழியணும். அதுலதான் இருக்கு. ஆத்தா பிழிஞ்சா துணி காஞ்சு போகும். பாசி புடுங்குன கையில்ல. வெங்காயம், பூண்டு, பச்சமொளகா, கருவேப்பில எல்லாம் அப்பறம்

தங்கச்சிமடம் அத்தை: திருப்பூர் மதினி செஞ்சா கூட்டு மாதிரி வரும் 😄

திருப்பூர் சித்தி: அந்தக் கூட்டைத்தான் உங்க ஆத்தா ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாக

மண்டபம் அத்தை: படத்துக்கு முன்னாடி ஆத்தா காதுல போட்டிருந்த தண்டட்டிய வைக்கணும். யாருகிட்ட இருக்கு

மண்டபம் அத்தை: ?

தங்கச்சிமடம் அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: அத இங்க பேச வேணாம். வரும்போது பேசிக்கிருவோம்

செல்வி: பாசிக்கு எறங்கும்போது அப்பத்தா கால்ல கட்டுற தட்டு எங்க இருக்கு பெரியப்பா?

பெரியப்பா: பரண்ல இருக்கு. போட்டோ அனுப்புறேன்

பெரியப்பா: 📷

செல்வி: டயர் ரப்பர் வாரு அப்பிடியே இருக்கு. வெரலுக்குச் சுத்துற துணி கூட இருக்கே

மண்டபம் அத்தை: இடது தட்டு ஓரம் மடங்கியிருக்கு பாரு. குருசடைத் தீவுப் பக்கம் பாறையில அடிச்சது. காலு வீங்கிப் போயி, மறுநாளும் எறங்குச்சு

செல்வி: இதையும் படையல்ல வைப்போம்

திருப்பூர் சித்தப்பா: படையல்ல தட்டா? யாராச்சும் கேட்டா என்ன சொல்ல

மண்டபம் அத்தை: மரிக்கொழுந்துப் பாசி எடுத்துத்தான் உன்னப் பாலிடெக்னிக் படிக்க வச்சுச்சுன்னு சொல்லு

திருப்பூர் சித்தப்பா: நான் வேணாம்னு சொல்லலக்கா

திருப்பூர் சித்தப்பா: அண்ணே தொடச்சு வைங்க. வாரு அவுத்துறாதீக

கார்த்தி துபாய்: தண்ணி எறைக்கும்போது வீடியோ கால் போடுங்க. அங்க அஞ்சுன்னா இங்க மூணரை, முழிச்சிருப்பேன். ரெண்டாவது கை தண்ணிய யாரு எறைக்கிறது?

மண்டபம் அத்தை: செல்வி எறைக்கட்டும்

பெரியப்பா: அது முறை என்னன்னு ஐயர்ட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்

மண்டபம் அத்தை: ஆத்தா யாருட்டக் கேட்டுச்சு?

தங்கச்சிமடம் அத்தை: சரி சேதுக்கரையா, அக்கினி தீர்த்தமா? வேன்காரருக்குச் சொல்லணும். எத்தன பேரு?