ஆடுசதை வலி என்று வந்தவரைத் திருப்பி அனுப்பியது சரியா?

தண்டையார்பேட்டைத் தொழிலாளி:
எட்டு ஆண்டுகளாக மசாஜ் தொழிலில் இருக்கிறேன். சென்ற வாரம் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவர், மூன்று நாள் இருக்கையை விட்டு அதிகம் எழாமல் ஓட்டி வந்ததாகவும் இடது ஆடுசதை கடுக்கிறது என்றும் சொல்லி வந்தார். தொட்டுப் பார்த்தபோது அந்தக் கால் மட்டும் சூடாகவும் இறுக்கமாகவும் இருந்தது. முழங்காலுக்குக் கீழே இரு கால்களிலும் ஒரே இடத்தில் நாடா வைத்து அளந்தேன். இடது கால் மூன்றரை செ.மீ. பருத்திருந்தது. நான் எண்ணெயைத் தொடாமல் அவரை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். கடை உரிமையாளருக்குக் கோபம். பிடித்துவிட வந்தவரைப் பிடித்துவிடாமல் அனுப்பியது என் வேலைக்குள் அடங்குமா என்று இங்குள்ளவர்களைக் கேட்கிறேன்.

காசிமேட்டுக் கைவழி:
அடங்காது என்பது என் கருத்து, ஐயா. என் பாட்டனார் வலை இழுப்பவர்களுக்கும் ஐஸ் பெட்டி தூக்குபவர்களுக்கும் நாற்பது ஆண்டுகள் சுளுக்கு எடுத்தவர். நாடாவும் படிவமும் அவரிடம் இருந்ததில்லை. சித்த மருத்துவம் தொக்கணத்தை, அதாவது கையால் பிடித்துவிடும் முறையை, ஒன்பது வகையாகப் பிரித்து, தட்டவும் இறுக்கவும் முறுக்கவும் இழுக்கவும் சொல்லித் தருகிறது. அந்தப் பழக்கத்தில் ஊறிய கைக்கு எங்கே அழுத்தலாம் என்பது தொட்டவுடன் தெரியும். அரைநாள் கூலியை விட்டு வருபவரை மருத்துவமனை வரிசையில் நிறுத்தினால் அடுத்த முறை அவர் உங்களிடம் வரமாட்டார். போகட்டும், மருத்துவர் என்னதான் சொன்னாராம்?

பெரம்பூர் பிசியோ:
கையால் தெரியும் என்பதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஏற்கமாட்டேன். நெடுநேரம் கால் மடக்கி உட்கார்ந்தால் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறையக்கூடும். அந்தக் கட்டியை அழுத்தி உருவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கக்கூடும். தசைப் பிடிப்பும் இதுவும் தொடும்போது ஒன்றுபோலவே இருக்கலாம். ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால்தான் வேறுபடுத்த முடியும். அதே வேளையில், பதிவிட்டவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாடா காட்டுவது சந்தேகத்தை மட்டுமே. வீக்கம் இல்லை என்பதால் உறைவு இல்லை என்றும் ஆகாது. நோயின் பெயரை நீங்கள் வாயால் சொல்லக் கூடாது.

தண்டையார்பேட்டைத் தொழிலாளி:
பெயர் எதுவும் சொல்லவில்லை, "இதை நான் தொடக் கூடாது, இன்றைக்கே காட்டுங்கள்" என்று மட்டும்தான் சொன்னேன். மருத்துவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது, அவர் திரும்ப அழைக்கவில்லை. வெறும் தசைப் பிடிப்பாகவே இருந்திருந்தாலும் நான் செய்தது சரிதான், ஏனெனில் அந்த நேரத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.
கைவழி ஐயா சொன்ன வலை இழுப்பவரையே எடுத்துக்கொள்வோம். தோள் வலி என்று வருகிறார். முதலில் அவரையே கையைத் தூக்கச் சொல்கிறேன், பிறகு அவர் தளர்த்திக்கொள்ள நான் தூக்கிப் பார்க்கிறேன். அவரால் முடியாமல் என்னால் முடிந்தால் தசையிலோ தசைநாரிலோ கோளாறு இருக்கக்கூடும். இருவராலும் முடியாவிட்டால் மூட்டே இறுகியிருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களிடம் இது அதிகம். இரண்டுக்கும் ஒரே பிடி பிடித்தால் ஒருவருக்காவது வலி கூடத்தான் செய்யும். நடக்கும்போது வந்து, நின்றால் குறையும் இடது தோள் வலியென்றால் நான் தொடுவதேயில்லை. அது நெஞ்சிலிருந்து வரலாம்.

காசிமேட்டுக் கைவழி:
கேட்காமல் தொட்டவர் என்று பாட்டனாரை நினைத்துவிடாதீர்கள். காய்ச்சல் உண்டா, விழுந்தாயா, முன்பே இருந்த வலியா என்று அவரும் கேட்பார். ஆனால் எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் கணக்குப்படி யாரைத்தான் படுக்க வைப்பீர்கள்? கேள்வி கேட்கும் கால் மணி நேரத்துக்குக் காசு யார் தருவது?

தண்டையார்பேட்டைத் தொழிலாளி:
கால் மணி நேரம் தேவைப்படுவதில்லை, லுங்கி மாற்றும் நேரத்திலேயே பாதி கேட்டு முடிந்துவிடும். எல்லாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை. சர்க்கரை உள்ளவரின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் "இன்னும் அழுத்துங்கள்" என்ற அவர் சொல்லை நம்பமாட்டேன், சூட்டு ஒத்தடமும் கொடுக்கமாட்டேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆழமான அழுத்தம் கிடையாது, மேலாக நீவுவதோடு சரி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரைச் சட்டென்று எழவிடாமல் சற்று உட்கார வைத்து அனுப்புவேன். முதுகு வலியோடு சிறுநீர் கட்டிக்கொண்டது, தொடையின் உட்பக்கம் மரத்துப்போனது என்று ஒருவர் சொன்னால் மட்டும் பேச்சுக்கே இடமில்லை, உடனே மருத்துவமனைதான்.

வியாசர்பாடி வாசகி:
ஐயாமார்களே, நீங்கள் கேட்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கே நின்று கேட்கிறீர்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. மார்பக அறுவையில் எனக்கு அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கையை அழுத்தி உருவக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஒரு நிலையத்தில் வரவேற்பு மேசையில், அறிமுகமில்லாத நான்கு பேர் காத்திருக்கையில், "ஆபரேஷன் ஏதாவது செய்திருக்கிறதா" என்று உரக்கக் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். கை இரண்டு வாரம் வீங்கியிருந்தது.

காசிமேட்டுக் கைவழி:
இதற்கு என்னிடம் மறுப்பில்லை, அம்மா. பெண்கள் வந்தால் எங்கள் பாட்டியார்தான் அடுப்படிக்கு அழைத்துப்போய்ப் பேசிவிட்டு வந்து, இன்ன இடத்தைத் தொடாதீர்கள் என்று பாட்டனாரிடம் சொல்வார். அதைக் கேள்வி கேட்பது என்று நான் எண்ணிப் பார்த்ததேயில்லை.

தண்டையார்பேட்டைத் தொழிலாளி:
எங்கள் கடையில் தனி அறை இல்லை, ஒரு திரைதான் இருக்கிறது, திரைக்கு அப்பால் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். நாளை முதல் கேள்விகளை ஓர் அட்டையில் தமிழில் எழுதி, ஆம் இல்லை என்று அவர்களே குறிக்கும்படி கையில் கொடுக்கப்போகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடம் உடன் வேலை செய்யும் அக்கா பேசச் சம்மதித்திருக்கிறார். உரிமையாளரிடம் இன்னும் சொல்லவில்லை.