சோத்துப் பார்சலுக்கு வாழையிலை: வெடிக்காம, ஒழுகாம கட்டுறது எப்படி?

களுவாஞ்சி அடுப்படி:
வணக்கம். ஒரு நாளைக்கு 40 சோத்துப் பார்சல் போற சின்ன அடுப்படி. இலங்கையில சோறு சுத்துற பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துட்டு. இப்ப பாவிக்கிறது 'உக்கும்' எண்டு அச்சடிச்ச சீட். அதையும் விட்டுட்டு முழுக்க இலைக்கு மாற விருப்பம். ஆனா மடிக்கிற இடத்தில இலை வெடிக்குது, மீன் குழம்பு ஒழுகுது. மீன் வாங்கப் போகக்குள்ளயும் நாலஞ்சு சொப்பிங் பேக் வந்து சேருது. வழி சொல்லுங்க.

மொந்தன் தோட்டம்:
இலை வெடிக்கிறது வாட்டாததால. பச்சை இலையில நரம்பெல்லாம் நடுத்தண்டில இருந்து ஓரத்துக்கு ஒரே பக்கமா ஓடுது. அந்த வழியில இழுபட்டா நூல் பிடிச்ச மாதிரிக் கிழியும். மொந்தன் இலை எடுங்க, அது தடிப்பு. நடுத்தண்டை நீக்கி 15 அங்குலத் துண்டா வெட்டினா, ஆறடி இலையில 6 முதல் 8 துண்டு தேறும். அடுப்பு நெருப்புக்கு மேல ஒவ்வொரு இடமும் அஞ்சாறு செக்கன் காட்டுங்க. வெளிர்பச்சை கரும்பச்சையா மாறி எண்ணெய் பூசின மாதிரி மினுங்கும். அந்த இடத்தில நிப்பாட்ட வேணும். மண்ணிறம் வந்தா கருகிட்டு, ஆறினதும் நொறுங்கும். 40 பார்சலுக்கு நெருப்பில நிண்டு கட்டாது எண்டா, கொதிதண்ணியில அரை நிமிசம் அமுக்கி எடுத்துத் துணியால ஒத்துங்க. ஈரத்தோட கட்டினா சோறு கெதியா நொந்து போகும்.

அடுத்தது முக்கியம்: ரெண்டு துண்டு போடுங்க. வெளித்துண்டின் நரம்பு நெடுக்கா இருந்தா, உள்துண்டின் நரம்பு குறுக்கா இருக்க வேணும். ஒண்டு கிழிஞ்சாலும் மற்றது தாங்கும். ஆவி கொஞ்சம் அடங்க விட்டு மடிங்க. கட்டுறதுக்கு வாழைநார் போதும், பத்து நிமிசம் தண்ணியில ஊறப் போட்டா முறியாது. அச்சடிச்ச பத்திரிகைத் தாளைச் சுத்தாதீங்க, எண்ணெய் கசிஞ்சா மையும் இளகும்.

குழம்புக்கு மட்டும் இலையை நம்பாதீங்க. பார்சலுக்குள்ள பிரட்டல், சுண்டல், சம்பல். குழம்பும் சொதியும் பாத்திரம் கொண்டு வாறவங்களுக்குத்தான் எண்டு சொல்லிடுங்க. இல்லாட்டிக் குழம்புக்கு எண்டே பொலித்தீன் பை திரும்ப வந்திரும், இலைக்கு மாறின பாடு வீண்.

'உக்கும்' சீட்டை விடுறது நல்லது. அதில கனக்க 58 பாகை செல்சியஸ் அளவு சூட்டில உக்கிற மாதிரிச் செய்தது. வீட்டு உரக்குழியில அந்தச் சூடு வராது.

சம்மாந்துறை:
மீனுக்கு மூடி உள்ள வாளி. புதுசா வாங்க வேணாம் அக்கா, வீட்டில கிடக்கிற பிளாஸ்டிக் வாளியே காணும். நல்லதை எறிஞ்சு எவர்சில்வர் வாங்கிறதால பிளாஸ்டிக் குறையாது. வெறும் வாளியைத் தராசில வச்சுச் சுழியத்துக்குக் கொண்டு வரச் சொல்லிட்டு மீனைப் போடச் சொல்லுங்க. பனையோலைப் பை மீனுக்குச் சரிவராது, நீர் ஊறிப் பூசணம் பிடிக்கும். அது மரக்கறிக்கு. துணிப்பையில மீன் இரத்தம் பட்டா முதல்ல பச்சைத்தண்ணியில அலசுங்க, சுடுதண்ணி ஊத்தினா கறை இறுகிப் போகும்.

இன்னுமொண்டு. குழம்பு மணக்கிற சீட்டைத் தேடித்தான் யானை குப்பை மேட்டுக்கு வருது. 2022 சனவரியில அம்பாறைப் பள்ளக்காட்டில செத்த யானைகளின் வயித்தில இருந்தது பொலித்தீனும் சாப்பாடு சுத்தின உறைகளும்தான். கையில மிஞ்சிக் கிடக்கிற சீட்டைப் பாவிச்சா, கழுவாம குப்பையில போடாதீங்க.

களுவாஞ்சி அடுப்படி:
ரெண்டு பேருக்கும் நன்றி. கச்சான் காத்துக் காலத்தில இலை நார்நாராக் கிழிஞ்சு கிடக்குமே, அப்ப என்ன செய்யிறது?

மொந்தன் தோட்டம்:
அப்ப குளத்துத் தாமரை இலை. அதில நரம்பு நடுவில இருந்து சுத்திவர விரியுது, நேரா வெடிச்சு ஓடாது. வாட்டவும் தேவையில்ல, ரெண்டு பக்கமும் கழுவித் துடைச்சாச் சரி. ஆனா தண்டு சேர்ந்த நடு இடத்தில ஓட்டை, அதுக்குள்ளால எண்ணெய் கசியும். தண்டை ஒட்ட நறுக்கிட்டு, கிழிஞ்ச வாழையிலையில உள்ளங்கை அளவு துண்டு எடுத்து அந்த இடத்தில வச்சிட்டுச் சோத்தைப் போடுங்க.